சுழற்காற்று வீசிய இடத்தில் ஒரு தொலைக்காட்சி நட்சத்திரம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டி வைத்த விரல் போலக் கிடக்கின்றது புளோரிடா மாநிலம். அதன் நடுப்பகுதியில் ஓர்லாண்டோ நகரம் இருக்கின்றது. அது கடற்கரை இல்லாத ஊர். ஒரு காலத்தில் தோடந் தோட்டங்களும் சதுப்பு நிலங்களுமே அங்கு இருந்தன. 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி அங்கு வோல்ட் டிஸ்னி உலகம் திறக்கப்பட்டது. 1990 யூன் 7 ஆம் திகதி யுனிவேர்சல் ஸ்ரூடியோஸ் நிறுவனமும் தனது பூங்காவைத் திறந்தது. இப்பொழுது ஆண்டுதோறும் கோடிக்கணக்கான மக்கள் அந்த ஊருக்குப் போகிறார்கள். பெரும்பாலானோர் போவது இந்தப் பூங்காக்களின் சவாரிகளுக்காகத்தான்.

2019 பெப்ரவரியில் சிறுவர் உளநலம் தொடர்பான ஒரு பயிற்சிக்காக நான் அமெரிக்கா போயிருந்தேன். பயிற்சி முடிந்த பின் ஐந்து நாட்கள் ஓர்லாண்டோவில் பெரியம்மாவின் மகள் வீட்டில் தங்கினேன். அக்கா அங்கு ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறார். அவர் மட்டக்களப்பிலிருந்து திருமணமாகிப் போய் அப்பொழுது பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. பதினொரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அத்தானுக்கு லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை எங்கள் நால்வருக்கும் ரிக்கற் எடுத்து யுனிவேர்சல் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். ஓர் ஆளுக்கு 100 டொலருக்கு மேல். நான் மனதுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, பிறகு பெருக்குவதை விட்டுவிட்டேன்.

சவாரி போன கதையை எழுத இதுவா இடம் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நான் கண்ட ஒரு வாக்குவாதத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஒரு பழைய காட்சியை அகற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பிரபலத்தின் பெயரில் புதிய சவாரி ஒன்றை வைத்திருந்தார்கள். அது சரியா பிழையா என்று, காட்சி மூடப்பட்டு மூன்று வருடங்கள் கழிந்த பிறகும், முன்பின் தெரியாத மனிதர்கள் ஒரே சோபாவில் இருந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் இடம் மாறும்போது யாருடைய நினைவு கணக்கில் எடுக்கப்படுகின்றது, யாருடையது எடுக்கப்படுவதில்லை என்ற கேள்வி எங்கள் வேலையில் நாளாந்தம் வருவது. அது ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குள்ளும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரே கட்டிடம், மூன்று காட்சிகள்

பூங்காவுக்குள் நியூயோர்க் நகரத் தெரு ஒன்றை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். செங்கல் வீடுகள், கடைகள், தெரு விளக்குகள் எல்லாம் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் பல வீடுகளுக்கு முன்சுவர் மட்டுந்தான். அந்தத் தெருவில் ஒரு பெரிய மண்டபம் இருக்கின்றது. பூங்கா திறந்த 1990 இல் அங்கே பேய் பிடிப்பவர்களைப் பற்றிய 'கோஸ்ற்பஸ்ரேர்ஸ்' திரைப்படக் காட்சி நடந்தது. 1996 இல் அது நின்றது. அதே வருடம் 'ட்விஸ்ரேர்' என்ற திரைப்படம் வெளிவந்தது. டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றைத் துரத்திப் போய் ஆராயும் விஞ்ஞானிகளின் கதை அது. ஹெலன் ஹன்ட், பில் பக்ஸ்ரன் இருவரும் நடித்திருந்தார்கள். அந்தப் படத்தைக் கொண்டு ஒரு காட்சியை அமைத்து 1998 இல் திறக்க ஏற்பாடானது.

திறப்பதற்குச் சில வாரங்களே இருந்தபோது உண்மையான சுழற்காற்று வந்தது. 1998 பெப்ரவரி 22 இரவும் 23 அதிகாலையும் மத்திய புளோரிடாவை அடுத்தடுத்துத் தாக்கிய சுழற்காற்றுகளில் 42 பேர் இறந்தார்கள். ஓர்லாண்டோவுக்கு அருகிலுள்ள கிசிமி என்ற ஊர் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. இறந்தவர்களுக்கு மதிப்பளித்துத் திறப்பு விழாவைத் தள்ளிப் போட்டார்கள். மே 4 ஆம் திகதிதான் காட்சி திறக்கப்பட்டது.

இச்செய்தியை நான் பிறகுதான் வாசித்தேன். வாசித்தபோது அம்மாவின் ஞாபகம் வந்தது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பை அடித்த சூறாவளியை அம்மா இன்றும் முகத்தை மூடிக்கொண்டுதான் சொல்லுவார். கூரை பறந்த சத்தத்தை அவர் ஒருநாளும் விளையாட்டாகச் சொன்னதில்லை.

அந்தக் காட்சி எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். முதலில் ஓர் அறையில் நடிகர்கள் இருவரும் திரையில் தோன்றிப் படம் எடுத்த அனுபவத்தைச் சொல்வார்கள். பிறகு சனங்களை ஒரு பெரிய மண்டபத்துக்குள் அழைத்துப் போவார்கள். முன்னால் அமெரிக்காவின் நடு மாநிலங்களில் உள்ளது போன்ற ஒரு சிற்றூர். ஒரு பெற்றோல் நிலையமும், காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையும் இருக்கும். வானம் கறுக்கும், மழை பெய்யும், பெரிய காற்றாடிகள் இரையத் தொடங்கும். பிறகு ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு சுழல் எழும்பி எல்லோர் முன்னாலும் ஆடும். பெற்றோல் நிலையத்தில் தீ எழும். அந்தக் காற்றுக்குள் ஒரு பசுமாடு பறந்து போகும்! மொத்தமும் சில நிமிடங்கள்தான். அந்தப் பறக்கும் மாட்டுக்காகவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் இருந்தார்கள்.

பதினேழு வருடங்கள் ஓடிய அக்காட்சி 2015 நவம்பர் 1 ஆம் திகதி கடைசியாக நடந்தது.

புதிதாக வந்தவர்

2017 ஏப்ரல் 6 ஆம் திகதி அதே மண்டபத்தில் 'ஜிம்மி ஃபாலனுடன் நியூயோர்க் ஊடாக ஓர் ஓட்டப் போட்டி' என்ற பொருள்படும் சவாரி திறக்கப்பட்டது. ஜிம்மி ஃபாலன் பகிடி சொல்லும் கலைஞர். 'ருநைற் ஷோ' என்ற இரவு நிகழ்ச்சியை 2014 பெப்ரவரி முதல் நடத்தி வருபவர். அந்நிகழ்ச்சி 1954 இல் தொடங்கியது. அதை ஒளிபரப்பும் என்.பி.சி. தொலைக்காட்சியும் யுனிவேர்சல் பூங்காவும் ஒரே கொம்பனிக்குச் சொந்தமானவை. இதைத் தெரிந்துகொண்டால் சுழற்காற்று போய் இவர் வந்த காரணம் ஓரளவு விளங்கும். தொலைக்காட்சியில் பார்ப்பவர் பூங்காவுக்கு வருவார், பூங்காவுக்கு வந்தவர் வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போடுவார்.

கட்டிடத்தின் முன்பக்கம் நியூயோர்க்கில் அந்த நிகழ்ச்சி நடக்கும் கட்டிடத்தைப் போலவே மாற்றப்பட்டிருந்தது. உள்ளே போனதும் நிகழ்ச்சியை முன்னர் நடத்தியவர்களின் உடுப்புகள், பொருட்கள், படங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. எனக்குப் பிடித்த விசயம் வேறொன்று. அங்கே வரிசையில் நிற்கத் தேவையில்லை. வாசலில் ஒரு நிற அட்டை தந்தார்கள். மேல் மாடியில் சோபாக்கள் போட்டிருந்தார்கள். எங்கள் அட்டையின் நிறத்தில் மண்டபத்து விளக்குகள் மாறும்போது நாங்கள் போகலாம். அதுவரை ஐந்து ஆண்கள் கோடு போட்ட கோட் அணிந்து வாத்தியம் இல்லாமல் பாட்டுப் பாடினார்கள். ஒரு பண்டா கரடி வேடம் போட்டவர் சிறுவர்களோடு ஆடினார். கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் வயது போனவர்களும் ஆறுதலாக இருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் கர்ப்பிணிகள் கால் கடுக்க நிற்பதைக் கண்ட எனக்கு இந்த ஒரு ஏற்பாட்டை மட்டுமாவது தூக்கிக்கொண்டு வரலாமே என்று இருந்தது.

பிறகு சவாரி. 72 ஆசனங்கள் கொண்ட ஒரு அரங்கு முழுதாக அசைகின்றது. கண்ணாடி அணிந்துகொண்டு பெரிய திரையைப் பார்க்க வேண்டும். ஃபாலன் தனது காரில் ஓட, நாங்கள் அவரைத் துரத்துகிறோம். தெருக்கள், நிலக்கீழ் ரயில் பாதை என்று போய்க் கடைசியில் நிலவுக்கே போய்விடுகிறோம். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அக்காவின் மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு அவர் சொன்ன பகிடிகளில் பாதி விளங்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது பகிடி.

சோபாவில் கேட்டவை

மேல் மாடியில் நாங்கள் காத்திருந்தபோது எங்கள் அருகில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அமெரிக்க அம்மா தனது தங்கையுடன் இருந்தார். அவருடைய சட்டையில் ஒரு மாடு பறந்துகொண்டிருந்தது. அத்தான் அதைப் பார்த்துச் சிரிக்க, பேச்சுத் தொடங்கிவிட்டது.

அவரும் கணவரும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கிலிருந்து புளோரிடா வருவார்களாம். கணவர் பேருந்துச் சாரதியாக இருந்தவர். மற்றச் சவாரிகளுக்கு முதுகு வலி விடாது. சுழற்காற்றுக் காட்சியில் நின்று பார்த்தால் போதும் என்பதால் ஒரு நாளில் மூன்று தரம் கூட உள்ளே போவாராம். மாடு பறக்கும்போது முழு மண்டபமும் சிரிக்க, அவர் மட்டும் தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் சொல்லுவாராம். 2014 இல் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருடம் காட்சி மூடப்படுவதாக அறிவித்தபோது இந்த அம்மா கடைசி நாளுக்கென்றே தனியாக வந்து வரிசையில் நின்றிருக்கிறார். "எல்லாரும் அழுதோம், ஒரு மாட்டுக்காக" என்று சொல்லித் தானே சிரித்தார். "இப்பொழுது இங்கே வந்தால் சோபா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை எங்கே தேடுவதென்று தெரியவில்லை" என்றார்.

எதிரே இருந்த ஒரு இளைஞனுக்கு வேறு கோபம் இருந்தது. பழைய காட்சியில் காற்றும் தண்ணீரும் நெருப்பும் உண்மையாக இருந்தன, இப்பொழுது எதற்கெடுத்தாலும் ஒரு திரையை வைத்துக் கதிரையை ஆட்டுகிறார்கள் என்றான். 2008 இல் வந்த 'சிம்ப்சன்ஸ்', 2012 இல் வந்த மஞ்சள் நிறக் குட்டி மனிதர்கள், 2013 இல் வந்த 'ட்ரான்ஸ்ஃபோமேர்ஸ்' என்று விரல் மடித்து எண்ணினான். ஒரு மனிதனின் புகழை நம்பிச் சவாரி கட்டினால் அந்த மனிதன் நிகழ்ச்சியை விட்டுப் போகும் நாளில் சவாரியும் செத்துவிடும் என்பது அவனது வாதம். அவனோடு வந்திருந்த பெண் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய காட்சியே ஒரு படத்தின் விளம்பரந்தானே, அந்தப் படத்தை என் தம்பி பார்த்ததே இல்லை, அவனுக்கு ஃபாலனைத் தெரியும் என்றாள். இருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது.

அக்கா அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவர்கள் எழும்பிப் போன பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்.

"நான் இந்தக் கட்டிடத்துக்குள்ள வாறது இண்டைக்குத்தான் புள்ள முதல் தரம்."

அவர் அமெரிக்கா போன புதிதில், 2003 இல், அத்தான் ஆசையோடு இந்தப் பூங்காவுக்குக் கூட்டி வந்திருக்கிறார். சுழற்காற்றுக் காட்சி வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து அந்தப் பெரிய காற்றாடிகளின் இரைச்சல் வந்திருக்கின்றது. அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து எதிரே இருந்த வாங்கில் இருந்துவிட்டார். அத்தான் காற்றுக்குப் பயமா என்று கேட்டுப் பகிடி பண்ணினாராம்.

"காத்துக்கு எனக்கென்ன பயம்? அந்தச் சத்தம் ஹெலி தாழ வாற மாதிரி. தொண்ணூறாம் ஆண்டு அம்மா எங்கள இழுத்துக்கொண்டு ஓடின சத்தம். அதக் காசு குடுத்து உள்ளுக்குப் போய்க் கேக்கச் சொன்னா நான் என்ன செய்ய? இவருக்கு விளங்கப்படுத்தவும் ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு எத்தினை தரம் வந்தும் நான் அந்த வாங்கிலதான்."

அத்தான் பக்கத்தில்தான் இருந்தார். பதினாறு வருடங்களாகத் தெரியாத ஒன்றை அவர் அப்பொழுதுதான் கேட்டார். கையிலிருந்த நிற அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர ஒன்றும் பேசவில்லை.

ஒரே மண்டபம். மாட்டுச் சட்டை அம்மாவுக்கு அது கணவரின் சிரிப்பு இருந்த இடம். அக்காவுக்கு அது வெளியே இருந்து காத்துக்கொண்டிருந்த இடம். அதை மூடியபோது ஒருவருக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது, மற்றவருக்கு ஒரு கதவு திறந்தது. யாரோ ஒரு தொலைக்காட்சிக்காரரின் பெயரில் வந்த சவாரி என்று நாங்கள் எவ்வளவு குறை சொன்னாலும், அக்கா தன் மகளுக்குப் பக்கத்தில் இருந்து சிரித்த முதல் சவாரி அங்கே அதுதான்.

மற்றப் பழைய சவாரிகள்

ஊருக்கு வந்த பிறகு இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசித்தேன். ஓர்லாண்டோவில் இது புதிய சண்டை அல்ல.

டிஸ்னி உலகத்தில் 'மிஸ்ரர் ரோட்' என்ற தவளை கார் ஓட்டும் சவாரி ஒன்று 1971 முதல் இருந்தது. அதை மூடப்போகிறார்கள் என்ற கதை 1997 இல் பரவியதும் ரசிகர்கள் பச்சைச் சட்டை அணிந்து பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிறுவனத்துக்குத் தபாலட்டைகள் அனுப்பினார்கள். பலன் கிடைக்கவில்லை. 1998 செப்டெம்பர் 7 ஆம் திகதி அது மூடப்பட்டு, அடுத்த வருடம் 'வின்னி த பூ' கரடிக்குட்டியின் சவாரி வந்தது. ஆனால் புதிய சவாரியின் சுவரில் ஒரு சிறிய படம் உண்டு. தவளையார் வீட்டு உறுதிப் பத்திரத்தை ஆந்தையாரிடம் கையளிக்கும் படம். காணி கைமாறியதை நாகரிகமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

யுனிவேர்சலிலும் அப்படி உண்டு. பூங்கா திறந்த வருடத்தில் வந்த கிங் கொங் சவாரியில் அந்தப் பெரிய குரங்கு கிட்ட வந்து மூச்சு விட்டால் வாழைப்பழம் மணக்குமாம். 2002 இல் அது போய், 2004 இல் 'மம்மி' சவாரி வந்தது. அதன் புதையல் அறைக்குள் தங்க நிறத்தில் ஒரு குரங்குச் சிலையை வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துக் கை காட்டுவார்கள். 'ஜோஸ்' என்ற சுறாச் சவாரி 2012 சனவரியில் மூடப்பட்டு அங்கே ஹரி பொட்டரின் தெரு வந்தது. ஆட்கள் வாய்க்குள் தலையை வைத்துப் படம் பிடிக்கும் தொங்கும் சுறாவை மட்டும் எறியாமல் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் வாய்க்குள் அக்காவின் மகளும் தலையை வைத்தாள்.

பிரபலங்களை வைத்துக் கட்டியவை என்ன ஆயின? 1982 இல் டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் சக்திவளம் பற்றி ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. 1996 இல் அதை மாற்றி எலன் டிஜெனெரஸ் என்ற நடிகையை வைத்தார்கள். இருபத்தொரு வருடங்கள் அதே தலைமுடியும் அதே உடுப்பும். சிறு பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் தாங்கள் தாயாகி வந்தும் அதையே பார்த்தார்கள். 2017 ஓகஸ்ட் 13 ஆம் திகதி அதுவும் மூடப்பட்டது. 1999 முதல் ஏரோஸ்மித் என்ற இசைக்குழுவின் பெயரில் ஓடிய வேகச் சவாரிக்கு, அவர்களை எடுத்துவிட்டு 'மப்பெற்ஸ்' பொம்மைகளை வைக்கப்போவதாக 2024 நவம்பரில் டிஸ்னி அறிவித்தது. பிரபலத்தை வைத்துப் பழையதை அகற்றியவர்களே அந்தப் பிரபலத்தையும் ஒருநாள் அகற்றுகிறார்கள். அப்பொழுது அதற்காகவும் அழ ஆட்கள் இருக்கிறார்கள்.

மைக்கல் ஜாக்சனின் கதை இன்னும் வேறு. அவர் நடித்த 'கப்டன் ஈஓ' என்ற பதினேழு நிமிடக் காட்சி 1986 இல் தொடங்கியது. எப்கொட்டில் 1994 இல் பழசாகிவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். 2009 இல் அவர் இறந்தபோது ரசிகர்கள் அதைத் திரும்பக் கேட்டார்கள். 2010 இல் திரும்பி வந்தது. உயிரோடு இருக்கும்போது பழசாகிப் போனது, இறந்த பின் ஞாபகச் சின்னமாகிவிட்டது.

இவை எல்லாவற்றிலும் பெரிய சண்டை 'ஸ்ப்ளாஷ் மவுண்டன்' என்ற நீர்ச் சவாரிக்காக நடந்தது. அது 1946 இல் வந்த ஒரு டிஸ்னி படத்தின் கதை. அடிமைமுறை முடிந்த காலத்துக் கறுப்பின மக்களை, பழைய எசமானர்களின் தோட்டத்தில் எந்தக் குறையும் இல்லாமல் பாடித் திரிந்தவர்களாக அந்தப் படம் காட்டியது என்று அது வெளிவந்த நாளிலிருந்தே கண்டனம் இருந்தது. 2020 யூனில் சவாரியை மாற்றப்போவதாக டிஸ்னி அறிவித்தது. மாற்றச் சொல்லியும் மாற்ற வேண்டாம் என்றும் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். 2023 சனவரியில் புளோரிடாவில் அது மூடப்பட்டபோது, சவாரித் தண்ணீர் என்று சொல்லிப் போத்தலில் அடைத்து விற்றவர்களும் இருந்தார்கள்! 2024 யூன் 28 ஆம் திகதி அதே மலையும் அதே நீரோடையும் தியானா என்ற கறுப்பின இளவரசியின் சவாரியாகத் திறந்தன. தியானா சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்க உழைக்கும் பெண். நியூ ஓர்லியன்ஸ் நகரில் புகழ்பெற்ற சமையற்காரியாக வாழ்ந்து 2019 இல் மறைந்த லீயா சேஸ் அம்மையார் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்மாதிரி.

பழைய சவாரியில் நனைந்து சிரித்த பிள்ளைகளின் சந்தோசம் பொய்யில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுத் தலை குனிந்த பெண்களின் மனமும் பொய்யில்லை.

நான் எடுத்துக்கொண்டது

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் மோரிஸ் ஹல்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞரைப் படித்தோம். மனிதர் தனியாக இருந்து ஞாபகம் வைப்பதில்லை, மற்றவர்களோடு சேர்ந்துதான் வைக்கிறார்கள், அந்த ஞாபகத்தைப் பிடித்து நிறுத்த ஓர் இடம் தேவை என்று அவர் எழுதினார். 1945 இல் ஜேர்மனியரின் வதைமுகாமில் அவர் இறந்தார். பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்தக் கருத்தை, மாட்டுச் சட்டை அணிந்த ஒரு அம்மா சோபாவில் இருந்து எனக்கு விளங்கப்படுத்தினார். கணவரைத் தேட ஓர் இடம் வேண்டும் என்பதைத்தான் அவர் சொன்னார்.

அதே வேளை அக்காவை நான் மறக்கவில்லை. பழையதைக் காப்பாற்றுங்கள் என்று குரல் எழுப்பியவர்கள் எல்லாம் உள்ளே போய் வந்தவர்கள். வெளியே வாங்கில் இருந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர்களும் எழும்பிச் சொல்லவில்லை. காரணம் சொன்னால் பகிடி பண்ணுவார்கள் என்ற கூச்சம். எமது பெண்கள் குழுக்களிலும் இப்படித்தான். ஒரு திருவிழாவுக்கோ பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கோ வராத தாயை அக்கறை இல்லாதவள் என்று சொல்லிவிடுகிறோம். அவளுக்கு அந்த வெடிச் சத்தம் பிரச்சினையா, அந்தப் பாதை பிரச்சினையா என்று கேட்பதில்லை.

தோழியரே, எமது ஊர்களிலும் நாளுக்கு நாள் ஏதோ ஒன்று இடித்துக் கட்டப்படுகின்றது. வாசிகசாலையோ சந்தையோ பேருந்து நிலையமோ சிறுவர் பூங்காவோ, புதிதாகக் கட்டப்பட்டு யாரோ ஒரு பெரியவரின் பெயர்ப் பலகையோடு திறக்கப்படுகின்றது. புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகாத கூரையும் பெண்களுக்கென்று மலசலகூடமும் வேண்டும். ஆனால் மாதர் சங்கக் கூட்டத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ இப்படி ஒரு பேச்சு வந்தால் மூன்று விடயங்களை நாம் கேட்கலாம்.

முதலாவது, பழையது எப்போது மூடப்படும் என்று முன்கூட்டியே சொல்வீர்களா? கடைசி நாள் தெரிந்திருந்தபடியால்தான் அந்த அமெரிக்க அம்மா வந்து அழுதுவிட்டுப் போகக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது, பழையதில் எதை எடுத்துப் புதியதில் வைப்பீர்கள்? ஒரு தூண், ஒரு மணி, ஒரு படம், நிழல் தந்த மரம், ஏதாவது ஒன்று. இலாபம் ஒன்றையே பார்க்கும் கொம்பனிக்காரனே சுவரில் ஒரு தவளைக்கு இடம் கொடுத்திருக்கிறான்.

மூன்றாவது, இந்த இடத்துக்கு இதுவரை வராதவர்கள் யார், ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் பதில் கிடைக்காது. வீடு வீடாகப் போய், தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக இருந்துதான் கேட்க வேண்டும். பதில் வர நாள் எடுக்கும். அக்காவுக்குப் பதினாறு வருடங்கள் எடுத்தன.